4 கோடி கட்டடத்துக்கு வங்கி ஏன் 80 லட்சம்தான் தருகிறது?

கேள்வி இதுதான். திருச்சி தில்லைநகர் பக்கம் தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட ஒரு வணிகக் கட்டடம் விலைக்கு வருகிறது. விலை 4 கோடி, மாத வாடகை 2 லட்சம். கேட்பவர் சொந்தத் தொழில் செய்பவர், சிபில் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. வீட்டுக் கடனுக்கு 75, 80 சதவீதம் வரை தருகிற வங்கி, இந்தக் கட்டடத்துக்கு "வாடகையை மட்டும் வைத்துப் பார்த்தால் 80 லட்சம் பக்கம்தான் வரும்" என்கிறது. சொத்தே 4 கோடி இருக்கும்போது இது என்ன கணக்கு என்று கேட்கிறார்.

வங்கியின் கடன் பிரிவில் இந்த மாதிரி ஃபைல்களைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். வங்கி மேனேஜர் சொன்னது சரியான கணக்குதான். ஆனால் அந்த 80 லட்சத்தை 1 கோடியே 17 லட்சம் வரை ஏற்றவும் வழி இருக்கிறது. கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டாம். அதற்கு முதலில் வங்கி எதைப் பார்க்கிறது என்பது புரிய வேண்டும்.

வீட்டுக் கடனில் வங்கி உங்கள் சம்பளத்தைப் பார்க்கிறது. வீடு வெறும் ஈடுதான். வாடகைக்கு விட்ட கட்டடத்தில் கடனை அடைக்கப் போவது வாடகை, அதாவது முன்பின் தெரியாத நாலைந்து குடித்தனக்காரர்கள். அவர்களில் இரண்டு பேர் காலி செய்தால் தவணை நின்றுபோகும். அதே நேரத்தில் காலியான கட்டடத்தின் விலையும் இறங்கியிருக்கும். வருமானமும் ஈடும் ஒன்றாகப் படுக்கிற இந்த ஆபத்துக்காகவே ரிசர்வ் வங்கி இதைத் தனி வகையாக வைத்திருக்கிறது. வணிக ரியல் எஸ்டேட் கடன், சுருக்கமாக சிஆர்இ. ஒரு கடனுக்காக வங்கி எவ்வளவு சொந்த மூலதனத்தை முடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ரிஸ்க் வெயிட். தனிநபர் வீட்டுக் கடனுக்கு அது 35 முதல் 50 சதவீதம், இங்கே 100 சதவீதம். ஒழுங்காகத் தவணை வந்துகொண்டிருக்கும் வீட்டுக் கடனுக்கு வங்கி, நஷ்டம் வந்தால் சமாளிக்க, 0.25 சதவீதம் ஒதுக்கி வைத்தால் போதும். சிஆர்இ கடனுக்கு 1 சதவீதம். இந்தக் கூடுதல் செலவெல்லாம் உங்கள் வட்டியில்தான் வந்து உட்காரும். வட்டி வீட்டுக் கடனைவிடக் கூடுதலாக இருப்பதற்கு மேனேஜரின் மனசு காரணமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். வட்டி 9.5 சதவீதம், 12 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை 1,166 ரூபாய். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 14,000. அதாவது கடன் தொகையில் 14 சதவீதம் ஒவ்வோர் ஆண்டும் வெளியே போக வேண்டும். உங்கள் கட்டடம் தருவது ஆண்டுக்கு 24 லட்சம், 4 கோடியில் 6 சதவீதம். உள்ளே வருவது 6, வெளியே போவது 14. வாடகையில் ஒரு பைசா தொடாமல் அத்தனையையும் தவணைக்கே கொடுத்தாலும் 1 கோடியே 71 லட்சம் கடனைத்தான் இந்தக் கட்டடம் தாங்கும். விலையில் 43 சதவீதம். நம் ஊர்களில் மனை விலை வாடகையைவிட வேகமாக ஏறிவிட்டதன் விளைவு இது. இதற்கு எந்த வங்கிக்குப் போனாலும் மாற்று இல்லை.

"வாடகையே இஎம்ஐ கட்டிவிடும், உங்கள் கைப்பணம் கொஞ்சம்தான்" என்று வரும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கைத் தூக்கி அப்படியே இங்கே வைக்கின்றன. அங்கே வணிகக் கட்டடக் கடனுக்குத் தவணையை 25, 30 ஆண்டுக் கணக்கில் பிரிப்பார்கள். 5 அல்லது 10 ஆண்டு முடிந்ததும் மிச்சத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் புதுக் கடன் வாங்கி மாற்ற வேண்டும். தவணை சின்னதாக இருப்பதால் அதே வாடகை பெரிய கடனைத் தாங்குகிறது. இங்கே 12 அல்லது 15 ஆண்டுக்குள் அசலும் வட்டியும் முழுசாகத் தீர வேண்டும் என்பதுதான் வழக்கம்.

இப்போது மேனேஜரின் 80 லட்சம் எப்படி வந்தது என்று பார்க்கலாம். நீங்கள் சொன்ன விவரப்படி தரைத்தளத்தில் ஒரு செயின் மருந்துக் கடை, 1,10,000 வாடகை, 9 ஆண்டுக்குப் பதிவு செய்த குத்தகை. முதல் மாடியில் நீட் பயிற்சி மையம், 48,000, 11 மாத ஒப்பந்தம். இரண்டாம் மாடியில் மூன்று சிறு அறைகள், தலா 14,000. அதில் ஒன்றில் ஆடிட்டர், இன்னொன்றில் இன்சூரன்ஸ் ஏஜென்சி. மூன்றாவதில் விற்பவரின் மைத்துனர் ஏதோ ஆபீஸ் வைத்திருக்கிறார், வாடகையைக் கையில் தருகிறாராம். கூட்டினால் 2 லட்சம். காகிதத்தில் சரி.

கடன் அதிகாரி இதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். மருந்துக் கடை வாடகை முழுசாகக் கணக்கில் வரும். பயிற்சி மையத்துக்கு 11 மாத ஒப்பந்தம், பதிவும் இல்லை. பாதி போட்டு 24,000. ஆடிட்டரும் ஏஜென்சியும் வங்கி வழியாகத் தருகிறார்கள், ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. 28,000-ல் பாதி, 14,000. மைத்துனர் கணக்கிலேயே இல்லை. மொத்தம் 1,48,000. அதிலிருந்து சொத்து வரி, தண்ணீர், சாக்கடைக் கட்டணம் என்று மாதத்துக்கு 10,000. பராமரிப்பு, லிஃப்ட், இன்சூரன்ஸ் 8,000. மருந்துக் கடை கம்பெனி என்பதால் வாடகையில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும், அது 11,000. நீங்கள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது உங்கள் கணக்கில் சேரும்தான், ஆனால் தவணைத் தேதிக்கு அது கையில் இருக்காது. மிஞ்சுவது 1,19,000.

இந்த 1,19,000 முழுவதையும் தவணைக்கு விட மாட்டார்கள். 100 ரூபாய் தவணைக்கு 125 ரூபாய் நிகர வருமானம் இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். டிஎஸ்சிஆர் 1.25 என்று உங்கள் ஃபைலில் எழுதியிருப்பார்கள். சில இடங்களில் 1.2, சில இடங்களில் 1.3 அல்லது அதற்கும் மேல். 1,19,000-ஐ 1.25 ஆல் வகுத்தால் 95,200. அந்தத் தவணைக்கு 12 ஆண்டில் கிடைக்கும் கடன் 81 லட்சத்து 60 ஆயிரம். மேனேஜர் சொன்ன "80 லட்சம் பக்கம்" இதுதான்.

இந்த 25 ரூபாய் இடைவெளியை வங்கியின் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைக்காதீர்கள். வட்டி மிதக்கும் வட்டி. நாளைக்கு அது 9.5-லிருந்து 11.5 ஆனால் அதே 81.6 லட்சத்துக்குத் தவணை 95,200-லிருந்து 1,04,700 ஆகும். அப்போதும் 1,19,000 அதைத் தாங்குகிறது, ஆனால் மிச்சம் 14,000 சொச்சம்தான். ஆடிட்டர் காலி செய்து ஒரு மாதம் அறை சும்மா கிடந்தாலே அதுவும் போச்சு.

நிறைய பேர் காலத்தை நீட்டிக் கேட்பார்கள். 15 ஆண்டு கேட்டால் 91 லட்சம் வரும். ஒன்பதரை லட்சம் கூடுதல் கடனுக்காக இன்னும் 3 ஆண்டு வட்டி. அதைவிட லாபமான இடம் வேறு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

வாடகைக் கணக்கு ஒரு கதவு என்றால், மதிப்புக் கணக்கு இன்னொன்று. சொத்து மதிப்பில் இவ்வளவுக்கு மேல் போக மாட்டோம் என்ற வரம்பு, எல்டிவி என்பார்கள். வீட்டுக் கடனுக்கு அந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கியே விதித்திருக்கிறது. வணிகக் கட்டடத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கைப்படி வைத்துக்கொள்கிறது. 55 முதல் 65 சதவீதத்துக்குள் இருப்பது வழக்கம். இரண்டு கணக்கில் எது குறைவோ அதுதான் உங்கள் கடன். உங்கள் விஷயத்தில் 60 சதவீதம் என்றால் 2 கோடியே 40 லட்சம். அது எட்டாத தூரத்தில் நிற்கிறது.

ஆனால் எதன் 60 சதவீதம்? இங்கேதான் பலருக்குக் கடைசி வாரத்தில் இடி விழுகிறது. கிரயப் பத்திரத்தில் எழுதும் தொகை, வங்கியின் வேல்யூவர் சொல்லும் மதிப்பு, இந்த இரண்டில் குறைந்ததன் மேல்தான். விற்பவர் "பத்திரத்தில் இரண்டரை கோடி போட்டுக்கலாம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துடுங்க" என்று சொன்னால், வங்கியைப் பொறுத்தவரை உங்கள் கட்டடத்தின் விலை இரண்டரை கோடி. ரொக்கமாகக் கொடுத்த ஒன்றரை கோடிக்கு வங்கி ஒரு ரூபாயும் தராது. சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. நாளை நீங்கள் விற்கும்போது லாபக் கணக்கும் உங்கள் தலையில்தான் விடியும். அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

வேல்யூவர் ஒரே ஒரு எண்ணைத் தர மாட்டார். சந்தை மதிப்பு, கொஞ்சம் அவகாசம் எடுத்து விற்றால் கைக்கு வரும் மதிப்பு, அவசரமாக ஏலத்தில் விற்றால் வரும் மதிப்பு என்று மூன்றும், கூடவே அரசின் வழிகாட்டி மதிப்பும் அறிக்கையில் இருக்கும். பெரிய தொகை என்றால் இரண்டு வேல்யூவர்களை அனுப்பிக் குறைந்ததை எடுப்பார்கள். கட்டடத்தின் வயதும் முக்கியம். கடன் காலம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் கட்டடத்துக்கு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். 1980-களில் கட்டிய கட்டடத்துக்கு 15 ஆண்டுக் கடன் கேட்டால் இன்ஜினியர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார்.

நேரில் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். நான் போனால் முதலில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மின் மீட்டர் பலகைக்குத்தான் போவேன். எத்தனை மீட்டர், யார் பெயரில் இணைப்பு, எது வணிகக் கட்டண வகையில் இருக்கிறது, எந்த மீட்டர் ஓடவே இல்லை என்று பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். மூன்று குடித்தனம் என்று பட்டியல் தந்திருப்பார்கள். ஒரு மீட்டர் பல மாதமாக ஒரே எண்ணில் நிற்கும். அப்புறம் கடைக்குள் மாட்டியிருக்கும் ஜிஎஸ்டி சான்றிதழ். ஒப்பந்தத்தில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர் என்றால் உள்வாடகை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக வாட்ச்மேனோடு ஒரு டீ. "மேல இருந்தவங்க எப்ப காலி பண்ணாங்க?" என்று சும்மா கேட்டால் போதும்.

மொட்டை மாடியில் ஷீட் போட்டு ஒரு தளம் எழுப்பியிருந்தால் அதில் வரும் வாடகை கணக்கில் சேராது. அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத எதுவும் வங்கிக்கு இல்லாத ஒன்றுதான். விதிமீறல் பெரிதாக இருந்தால் மொத்த ஃபைலும் திரும்பிவிடும், ஏனென்றால் மாநகராட்சி சீல் வைத்தால் கீழ்த்தளத்து வாடகையும் சேர்ந்தே நிற்கும். வீட்டுக்கென்று அனுமதி வாங்கி, கடையாக மாற்றி, சொத்து வரியும் வீட்டுக் கணக்கிலேயே கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்கள் நம் ஊர்களில் ஏராளம். விற்பவர் "இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு, யாரும் கேட்டதில்லை" என்பார். வங்கி கேட்கும்.

பத்திர விஷயத்தில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. தாய்ப் பத்திரத்திலிருந்து வரிசையாக எல்லா மூலப் பத்திரங்களும், 30 ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வாரிசுச் சான்று, அனுமதி வரைபடம், வரி ரசீதுகள். வங்கியின் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீல் தேடுவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: இடையில் யாராவது கையெழுத்துப் போடாமல் விடுபட்டிருக்கிறார்களா என்று. பாகப்பிரிவினையில் விடுபட்ட மகள், மைனராக இருந்தபோது விற்கப்பட்ட பங்கு, கோயில் நிலம், புறம்போக்கு. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வாடகை எவ்வளவு வந்தாலும் பேச்சில்லை.

இனி குடித்தனக்காரர்கள். கடன் அதிகாரியின் நேரத்தில் பாதி இவர்களைப் படிப்பதில்தான் போகிறது. யார் இருக்கிறார், என்ன தொழில், எத்தனை நாளாக இருக்கிறார், போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவாரா. வங்கிக் கிளை, அரசு நிறுவனம், பெரிய செயின் கடை என்றால் சந்தோஷப்படுவார்கள். பயிற்சி மையம், ஜிம், திருமண மண்டபம், திரையரங்கு என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். 2020-ல் இவை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை எந்தக் கடன் பிரிவும் மறக்கவில்லை. கடன்காரருக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு கிடைத்தது. ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட குத்தகைகளில் "அரசு மூடச் சொன்னால் வாடகை இல்லை" என்ற பத்தி பல இடங்களில் புகுந்துவிட்டது. உங்கள் மருந்துக் கடையின் குத்தகையில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று வங்கி பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள்.

குத்தகையில் இன்னொரு முடிச்சு லாக்-இன். 9 ஆண்டுக் குத்தகை என்றதும் 9 ஆண்டு வாடகை நிச்சயம் என்று மக்கள் நினைக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் குத்தகையைப் பிரித்துப் பார்த்தால் முதல் 3 ஆண்டுதான் அவர்கள் கட்டாயம் இருக்க வேண்டிய காலம். அதன் பிறகு மூன்று மாத நோட்டீஸில் அவர்கள் கிளம்பலாம், நீங்கள்தான் வெளியேற்ற முடியாது. வங்கி அந்த மூன்றைத்தான் பார்க்கும். உங்கள் கடைக்கு அதில் ஓராண்டுதான் பாக்கி என்றால், அது தில்லைநகரில் மருத்துவமனைகளுக்கு நடுவில் இருக்கும் மருந்துக் கடை, போக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் முழு வாடகையைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அது மேனேஜர் உங்களுக்குச் செய்த சலுகை.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதியும் இங்கே உண்டு. லாக்-இன் காலம் கடன் காலத்துக்குக் குறையாமல் இருந்து, அந்தக் காலத்துக்குள் வாடகையைக் குறைக்க வழி வைக்கும் பத்தி எதுவும் குத்தகையில் இல்லை என்றால், வாடகை மேல் தரும் கடனைச் சிஆர்இ என்று வகைப்படுத்தாமல் விடலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2009 வழிகாட்டுதலே சொல்கிறது. அப்போது வங்கியின் செலவு குறையும், வட்டியில் பேரம் பேச இடம் கிடைக்கும். 12 ஆண்டு லாக்-இன் யாரும் தர மாட்டார்கள். ஆனால் 5 ஆண்டு லாக்-இன் உள்ள குத்தகையின் மேல் 5 ஆண்டுக்குச் சின்னக் கடன் வாங்குகிறவர்களுக்கு இது பயன்படும்.

வாடகையைப் பிரித்து எழுதும் வழக்கத்தையும் கவனியுங்கள். வாடகை 60,000, வசதிக் கட்டணம் 30,000, பராமரிப்பு 20,000 என்று மூன்று ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். பராமரிப்புப் பணம் செலவுக்கு வந்த பணம், வருமானம் அல்ல. வசதிக் கட்டணத்தைச் சில வங்கிகள் எடுத்துக்கொள்ளும், சில எடுக்காது. வாடகையோடு வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் பணம் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை விற்பவரின் வங்கிக் கணக்கோடும் அவர் பெயரில் பிடித்த டிடிஎஸ் விவரம் இருக்கும் 26ஏஎஸ் படிவத்தோடும் ஒப்பிடுவார்கள். 1,10,000 என்று எழுதியிருக்க, டிடிஎஸ் 80,000-க்குத்தான் பிடித்திருக்கிறார்கள் என்றால் விற்பவர் விலையை ஏற்ற ஒப்பந்தத்தை ஊதிப் பெருக்கியிருக்கிறார் என்று பொருள். இந்தச் சோதனையை வங்கி செய்வது இருக்கட்டும், முன்பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே செய்ய வேண்டும்.

உங்களைப் பற்றியும் பார்ப்பார்கள்தான். சிபில், தொழிலுக்கு இருக்கும் கடன்கள், மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, வயது. நீங்கள் போடப்போகும் சொந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வாய்வார்த்தையாகக் கேட்க மாட்டார்கள், கணக்கு அறிக்கையில் பார்ப்பார்கள். நண்பரிடமிருந்து போன மாதம் வந்த 60 லட்சம் அங்கே பளிச்சென்று தெரியும். கடன் வாங்கி மார்ஜின், அதாவது சொந்தப் பங்கு, போடுகிறார் என்று எழுதிவிடுவார்கள்.

உங்கள் தொழில் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லலாமே என்றால், சொல்லலாம். அப்போது எல்டிவி வரம்பான 2 கோடியே 40 லட்சம் வரைகூடப் போக வாய்ப்புண்டு. அதற்குத் தவணை 2 லட்சத்து 80 ஆயிரம். வங்கிக் கணக்குப்படி நிகர வாடகை 1,19,000. மாதம் 1,61,000 உங்கள் தொழிலிலிருந்து 12 ஆண்டுக்கு எடுத்துப் போட வேண்டும். தொழில் அதைத் தாங்கும் என்றால் போங்கள். குடியிருக்கும் வீட்டையும் கூடுதல் ஈடாக வைத்தால் தொகையை ஏற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்பேன். 6 சதவீதம் தரும் கட்டடத்துக்காகக் குடும்பம் இருக்கும் வீட்டைப் பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 90 நாள் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன். வாராக்கடனை வசூலிக்க இருக்கும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதன் பிறகு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே சொத்தை எடுக்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. அந்த நோட்டீஸில் இரண்டு சொத்தும் இருக்கும்.

கடன் சாங்ஷன் ஆன பிறகு வரும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை முழுவதும் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கும் எஸ்க்ரோ கணக்கில்தான் விழ வேண்டும், தவணை போக மிச்சம்தான் உங்களுக்கு. இனி வாடகையை இந்தக் கணக்கில்தான் போடுவேன் என்று குடித்தனக்காரர் கடிதம் தர வேண்டும். பெரிய கம்பெனிகள் அதில் கையெழுத்துப் போட மாதக்கணக்கில் இழுப்பார்கள். இரண்டு மூன்று தவணையை முன்கூட்டியே வைப்பாக வைக்கச் சொல்லலாம். பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான எம்ஓடி என்ற ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதமா என்றும் கேளுங்கள். தனிநபர் பெயரில் மிதக்கும் வட்டியில் வாங்கும் கடனுக்கு, 2026 ஜனவரி 1 முதல் சாங்ஷன் ஆகும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில் வணிக வங்கிகள் அதை வசூலிக்கக் கூடாது. கம்பெனி பெயரில் வாங்கினால் கதை வேறாகலாம்.

சரி, 80 லட்சத்தை ஏற்றும் வழி. பயிற்சி மையத்தை ஐந்து ஆண்டுக்குப் பதிவு செய்த குத்தகைக்குக் கொண்டுவந்து, ஆடிட்டரையும் ஏஜென்சியையும் எழுத்துபூர்வமாக்கிப் பதிந்தால் பாதியாக வெட்டப்பட்ட 38,000 திரும்பி வருகிறது. நிகர வாடகை 1,57,000, கடன் 1 கோடியே 7 லட்சம் சொச்சம். மைத்துனர் காலி செய்து, அந்த அறைக்கு வங்கி வழியாக வாடகை தரும் ஒருவர் ஒப்பந்தத்தோடு வந்தால் நிகரம் 1,71,000, கடன் 1 கோடியே 17 லட்சம். எல்லாம் அதே 12 ஆண்டு, அதே வட்டி. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து வணிக வாடகை ஒப்பந்தங்களையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆகவே நீங்கள் கேட்பது ஒன்றும் புதுமையில்லை.

இதைச் செய்ய வேண்டியவர் விற்பவர், கிரயத்துக்கு முன்பே. கிரய ஒப்பந்தத்தில் அதை நிபந்தனையாக எழுதுங்கள். வங்கிக் கடன் இவ்வளவு தொகைக்குக் குறைந்தால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரியையும் சேருங்கள். வக்கீல் ஒப்பினியன் வரும் வரை பெரிய முன்பணம் வேண்டாம்.

பணக் கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போகும். முத்திரைத்தாள், பதிவு இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். 4 கோடிக்கு 36 லட்சம். பொதுவாக இதற்குக் கடன் கிடைக்காது, உங்கள் கைப்பணம்தான். மற்றது, குடித்தனக்காரர்கள் கொடுத்த அட்வான்ஸ். வாடகை 2 லட்சம், பத்து மாத அட்வான்ஸ் என்றால் 20 லட்சம் விற்பவர் கையில் இருக்கிறது. நாளை அவர்கள் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியவர் நீங்கள். அதை விலையில் கழிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியும் அதை உங்கள் கடன் பொறுப்புகளில் சேர்த்துத்தான் எழுதும். ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் அட்வான்ஸ் தொகை, வாடகை பாக்கி, குத்தகை முடியும் தேதி மூன்றையும் எழுதி ஒரு கடிதம் வாங்கித் தரும்படி விற்பவரிடம் இந்த வாரமே கேளுங்கள். தரத் தயங்கினால் ஏன் என்று விசாரித்துவிட்டு அப்புறம் வங்கிக்குப் போகலாம்.